அடேர், காங், கென்மேர்: அயர்லாந்தின் பழைய மாளிகை ஹோட்டல்களில் எதில் தங்கலாம்?

அயர்லாந்து போகிறவர்களுக்கு ஒரு ராத்திரியாவது பழைய கோட்டையிலோ பிரபுவின் மாளிகையிலோ தங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால் இணையத்தில் தேட ஆரம்பித்தால் எல்லா ஹோட்டலும் ஒரே மாதிரி தெரியும்: கணப்பில் எரியும் நெருப்பு, திரைச்சீலை தொங்கும் கட்டில், பச்சைப் புல்வெளி, மூன்றடுக்குத் தட்டில் கேக்கும் தேநீரும். அந்தப் படங்களை வைத்து ஒன்றையும் தீர்மானிக்க முடியாது.

மேற்கு அயர்லாந்தின் மூன்று சின்ன ஊர்களை எடுத்துக்கொள்வோம். லிமரிக் மாவட்டத்தில் அடேர், மேயோ மாவட்டத்தில் காங், கெர்ரி மாவட்டத்தில் கென்மேர். மூன்றிலும் நூறாண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தில் ஒரு சொகுசு ஹோட்டல் இருக்கிறது. அறையும் உபசரிப்பும் மூன்றிலும் உயர்தரம்தான், அதில் பெரிய வித்தியாசம் தேட வேண்டாம். நான் பார்ப்பது வேறு: ஹோட்டலுக்கும் ஊருக்கும் நடுவே எவ்வளவு தூரம்? ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் காலாற நடக்க ஒரு ஊர் இருக்கிறதா, இல்லை ஹோட்டல் தோட்டத்தையே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டுமா? கொடுக்கிற காசுக்கு அயர்லாந்து கிடைக்கிறதா, ஹோட்டல் மட்டும் கிடைக்கிறதா என்பது இதில்தான் இருக்கிறது.

முதலில் அடேர். ஷானன் விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான், இதுதான் அதன் பெரிய வசதி. இறங்கிய களைப்பில் நீண்ட தூரம் வண்டி ஓட்ட வேண்டாம். இங்குள்ள ஹோட்டலான அடேர் மேனர் ஒரு காலத்தில் டன்ரேவன் பிரபுக்களின் வீடு. இரண்டாம் டன்ரேவன் பிரபுவுக்குக் கீல்வாதம், வேட்டைக்கோ மீன்பிடிக்கவோ போக முடியாது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று மனைவி கரோலின்தான் வீட்டைப் புதிதாகக் கட்டும் வேலையில் அவரை இறக்கிவிட்டார் என்பார்கள். 1832ல் தொடங்கிய வேலை முடிய முப்பது வருடம் ஆனது. நடுவில், 1840களில், உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து நாடே பட்டினி கிடந்த பெரும் பஞ்சம் வந்து போனது, உள்ளூர்க் கல் தச்சர்கள் பலருக்கு அந்தக் காலத்தில் இந்த மாளிகைதான் சோறு போட்டது. வருடத்தின் நாட்களுக்கு ஈடாக 365 ஜன்னல்கள், வாரங்களுக்கு 52 புகைபோக்கிகள் என்று ஒரு கணக்கும் சொல்வார்கள். நீண்ட கூடம் 132 அடி, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைப் பார்த்து எழுந்த ஆசை அது.

லிமரிக்காரரான கோடீஸ்வரர் ஜே.பி. மக்மேனஸ் இதை வாங்கி, பெரிய அளவில் புதுப்பித்து, 2017 இறுதியில் திறந்தார். இப்போது 104 அறைகள். அதில் ஒரு பகுதி புதிதாகக் கட்டிய நீட்சியில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பழமைக்காகப் போகிறவர் பழைய மாளிகைப் பக்கமே அறை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். டாம் ஃபாசியோ வடிவமைத்த கோல்ஃப் மைதானம்தான் இந்த இடத்தின் உயிர். 2027 செப்டம்பரில் ரைடர் கோப்பை இங்கே நடக்கிறது. அந்த மாதத்தில் கோல்ஃப் பிடிக்காதவர் அடேர் பக்கமே போக வேண்டாம், சுற்றுவட்டாரம் முழுக்க அறைக்குத் திண்டாட்டமாக இருக்கும்.

அடேர் ஊர் அழகானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஸ்டேட்டுக்காகக் கட்டிய கூரை வேய்ந்த வீடுகள் பிரதான சாலையில் வரிசையாக நிற்கின்றன. இடைக்கால மடாலயங்கள் மூன்று. அவற்றில் இரண்டு இன்றும் வழிபாட்டில் உள்ள தேவாலயங்கள். மூன்றாவதான பிரான்சிஸ்கன் மடத்தின் இடிபாடு கோல்ஃப் மைதானத்துக்குள் நிற்கிறது. குறை என்னவென்றால், லிமரிக்கிலிருந்து டிரலீ போகும் நெடுஞ்சாலை ஊரின் நடுவே போகிறது. கூரை வீட்டை நின்று ரசிக்க விடாமல் லாரிகள் வந்துகொண்டே இருக்கும். புறவழிச் சாலை திறந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், திறந்த பிறகு அடேர் வேறு ஊராகிவிடும். இன்னொன்று, மேனரின் வாசல் ஊரை ஒட்டியே இருந்தாலும் முன்பதிவு இல்லாதவரை உள்ளே விடுவதில்லை. ஊருக்கும் மாளிகைக்கும் நடுவே சுவர் இருக்கிறது என்பதை அங்கே போனால் உணர்வீர்கள்.

அடேரில் தங்க ஆசை, கோல்ஃபில் ஆர்வம் இல்லை என்றால் அதே சாலையில் டன்ரேவன் ஆர்ம்ஸ் இருக்கிறது. 1792லிருந்து நடக்கும் பயணியர் விடுதி. மேனரின் பகட்டு இல்லை, விலையும் வெகுவாகக் குறைவு. முதல் இரவுக்கு, நேர மாற்றத்தில் அரைத் தூக்கத்தோடு வந்து சேரும் இரவுக்கு, இதுவே தாராளம். ஆயிரம் யூரோ கொடுத்த அறையில் மாலை ஆறு மணிக்கே தூங்கிப் போவது வேண்டாத செலவு.

அடுத்து காங். கோட்டை என்றால் கோட்டையாகவே இருக்க வேண்டும், ஏரிக்கரையில் சாம்பல் நிறக் கல்லில் கோபுரங்களோடு நிற்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இங்குள்ள ஆஷ்ஃபோர்டு கோட்டை ஹோட்டலுக்கு நிகர் இல்லை. 1228ல் நார்மன் வம்சத்து டி பர்கோ குடும்பம் தொடங்கியது. பஞ்சத்துக்குப் பிறகு கடனில் மூழ்கிய எஸ்டேட்டுகளை விற்பதற்கென்றே ஒரு நீதிமன்றம் ஏற்பட்டது. 1852ல் அதன் வழியாக இதை வாங்கியவர் பெஞ்சமின் லீ கின்னஸ், பீர் ஆலையை நிறுவியவரின் பேரன். அவர் மகன் ஆர்டிலான் பிரபு காடு வளர்த்தார், கோட்டையை இன்றைய அளவுக்குப் பெரிதாக்கினார். டப்ளின் நடுவில் உள்ள செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவை 1880ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவரும் அவரே. 1939ல் ஆஷ்ஃபோர்டு ஹோட்டலானது. 2013ல் ரெட் கார்னேஷன் நிறுவனம் வாங்கி முழுக்கச் சீரமைத்தது. 83 அறைகள், 350 ஏக்கர்.

உள்ளே செய்வதற்கு நிறைய இருக்கிறது. பருந்தைக் கையில் ஏந்திக் காட்டுக்குள் நடக்கலாம், 1999லிருந்து அங்கே பருந்துப் பயிற்சிப் பள்ளி இயங்குகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. கோரிப் ஏரியில் படகேறி இஞ்சகோய்ல் தீவின் பழைய தேவாலய இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வரலாம். 1905ல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், வந்ததையொட்டிக் கட்டிய சாப்பாட்டு மண்டபத்தில் இரவு விருந்துக்கு ஆண்கள் கோட் போட்டுப் போக வேண்டும். பெட்டியில் இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சைவம் என்றால் அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது. முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று விளக்கமாகச் சொல்லுங்கள். சொன்னால் நன்றாகவே செய்து தருவார்கள். இது மூன்று ஊருக்கும் பொருந்தும்.

காங் ஊரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் கோட்டைக்குள்ளேயே இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். காட்டுப் பாதையில் சுமார் இருபது நிமிடம் நடந்தால் ஆற்றின் மேல் கட்டிய ஒரு சின்னக் கல் வீடு வரும். துறவிகள் மீன் பிடித்த இடம் அது. அதைத் தாண்டினால் காங் மடாலயம். அயர்லாந்தின் கடைசிப் பேரரசரான ரோரி ஓ'கானர் கடைசிக் காலத்தில் ஒதுங்கி வாழ்ந்து, 1198ல் கண்மூடியது இங்கேதான். அவர் தந்தைக்காகச் செய்த காங் சிலுவை இப்போது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டப்ளினில் ஒரு நாள் இருந்தால் காங் வருவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள், இந்த இடிபாடு பிறகு வேறு மாதிரி தெரியும்.

ஊருக்கு வெளியே ஒரு கால்வாய் இருக்கிறது. மாஸ்க் ஏரியையும் கோரிப் ஏரியையும் இணைத்துப் படகு விடலாம் என்று பஞ்ச காலத்தில், பசித்த மக்களுக்கு வேலை கொடுக்கும் திட்டமாக, பாறையைக் குடைந்து வெட்டினார்கள். மதகும் கரையும் எல்லாம் கச்சிதம். ஆனால் அது சுண்ணாம்புப் பாறை நிலம். விட்ட தண்ணீர் முழுக்கப் பூமிக்குள் இறங்கிவிடும், இரண்டு ஏரிகளுக்கும் நடுவே ஆறே நிலத்தடியில்தான் ஓடுகிறது. 1850களில் திட்டத்தைக் கைவிட்டார்கள். வெட்டிய கல்லின் ஒழுங்கும் கோடையில் காய்ந்து கிடக்கும் அடித்தளமும் இன்றும் அப்படியே இருக்கின்றன. கோட்டையின் பூந்தோட்டத்தைவிட என்னை அதிகம் பாதித்தது இந்தக் கால்வாய்தான். கின்னஸ் குடும்பம் கோட்டையை வாங்கிய வருடமும் இந்தக் கால்வாயின் வருடங்களும் ஒன்றுதான் என்பதை யோசித்துப் பாருங்கள். சில கிலோமீட்டர் வடக்கே, 1880ல் குத்தகை விவசாயிகள் சார்லஸ் பாய்காட் என்ற எஸ்டேட் ஏஜென்டை ஊர்விலக்கம் செய்த லோக் மாஸ்க் மாளிகையும் இருக்கிறது.

ஊர்ச் சந்தியில் ஜான் வெய்ன், மோரீன் ஓ'ஹாரா சிலையைப் பார்ப்பீர்கள். 1951ல் அவர்கள் நடித்த ஹாலிவுட் படத்தைச் சுற்றுவட்டாரத்தில் எடுத்தார்கள், படக்குழு தங்கியது ஆஷ்ஃபோர்டில். பகலில் பேருந்துகள் வருவது அதற்காகத்தான். சாயங்காலம் ஊர் மறுபடி அமைதியாகிவிடும்.

ஆஷ்ஃபோர்டின் விலையும் அடேர் மேனர் போலத்தான், கோடையில் சாதாரண அறையே ஆயிரம் யூரோவை ஒட்டியோ தாண்டியோ போகும். ஆனால் இங்கே மாற்று வழி நன்றாக இருக்கிறது. அதே எஸ்டேட்டுக்குள் 1865ல் கட்டிய மேலாளர் வீடு இப்போது தி லாட்ஜ் என்ற தனி ஹோட்டல், கோட்டையைவிட விலை குறைவு. அங்கே தங்கினாலும் அதே காடு, அதே ஏரி. அதுவும் அதிகம் என்றால் காங் ஊரில் காலை உணவோடு அறை தரும் வீடுகள் உண்டு. எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்க வெளியாருக்குக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டி, முன்பதிவு செய்து மாலைத் தேநீரும் குடித்துவிட்டால் கோட்டையின் பெரும்பகுதியை அனுபவித்தாயிற்று. என்னைக் கேட்டால், நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இதுவே சரியான வழி. திருமண நாளுக்காகப் போகும் தம்பதிக்கு மட்டும் கோட்டை அறையையே சொல்வேன். ஓர் இரவு போதாது. மூன்று மணிக்கு உள்ளே வந்து மறுநாள் முற்பகலில் வெளியேறினால் பருந்தும் படகும் இரண்டுமே கிடைக்காது.

இனி கென்மேர். என் மனம் சாய்வது இங்கேதான், மறைக்கவில்லை.

பார்க் ஹோட்டல் கோட்டையும் இல்லை, பிரபுவின் வீடும் இல்லை. ரயில்வே கட்டிய ஹோட்டல். கிரேட் சதர்ன் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே 1893ல் கென்மேருக்குக் கிளைப் பாதை போட்டது, 1897ல் ஹோட்டலைத் திறந்தது. டப்ளினிலிருந்து ரயிலில் வரும் கனவான்கள் ஒரு ராத்திரி இளைப்பாறிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போவதற்காக ஏற்பட்ட இடம். ரயில் பாதை 1950களின் கடைசியோடு மூடிப் போனது, ஹோட்டல் கட்டடம் மட்டும் நிலைத்தது. 1980ல் மேலாளராக வந்த பிரான்சிஸ் பிரென்னன், பிறகு சொந்தமாகவே வாங்கித் தன் சகோதரர் ஜானோடு பல பத்தாண்டுகள் நடத்தினார். அயர்லாந்துத் தொலைக்காட்சியில் விருந்தோம்பல் என்றாலே இந்த இருவர் முகம்தான். 2023ல் ஹோட்டல் கைமாறிவிட்டது. அறைகள் 46தான், ஆஷ்ஃபோர்டில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல். விலை மற்ற இரண்டைவிடப் பெரும்பாலும் கணிசமாகக் குறைவு.

ரயிலில் வருகிறவர்களுக்காகக் கட்டியதால் அது ஊரோடு ஒட்டி இருக்கிறது. வாசலிலிருந்து சில நிமிடம் நடந்தால் கடைத்தெரு. பின்பக்கம் தோட்டம் சரிந்து கென்மேர் விரிகுடாவை நோக்கி இறங்குகிறது, அப்படியே ரீனாகிராஸ் மரச்சோலை வழியாகப் படகுத்துறை வரைக்கும் போகலாம். ஊருக்கும் ஹோட்டலுக்கும் நடுவே சுவர் இல்லை என்று நான் சொல்வது இதைத்தான். இரவு பப்பில் பிடிலும் குழலும் கேட்டுவிட்டு நடந்தே திரும்பலாம், வண்டி தேட வேண்டாம். அப்புறம், ஒவ்வொரு வேளையும் ஹோட்டலிலேயே சாப்பிட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கென்மேர் சின்ன ஊராக இருந்தும் நல்ல சாப்பாட்டுக்குப் பெயர் போனது.

ஊரின் கதை எளிதானதல்ல. பதினேழாம் நூற்றாண்டில், ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல் அயர்லாந்தைப் பிடித்த காலத்தில், அந்த நாட்டை அளந்து வரைபடம் போட்ட வில்லியம் பெட்டி, பறிமுதல் ஆன நிலத்தில் பெரும் பங்கைப் பெற்று 1670ல் இங்கே குடியேற்றத்தைத் தொடங்கினார். இன்றைய தெருக்களின் அமைப்பு அவர் வழிவந்த ஷெல்பர்ன் பிரபு 1775ல் போட்டது. அவர்தான் லான்ஸ்டவுன் என்ற பட்டம் பெற்றவர், சில காலம் பிரிட்டனின் பிரதமராகவும் இருந்தார். பஞ்சத்தை அடுத்து லான்ஸ்டவுன் எஸ்டேட்டின் ஏஜென்ட், ஏழை விடுதியில் வைத்துக் காப்பதைவிட மலிவு என்று கணக்குப் போட்டு ஆயிரக்கணக்கானோரை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகான வறுமையில்தான் கன்னியாஸ்திரீகள் ஊர்ப் பெண்களுக்கு ஊசி லேஸ் வேலை கற்றுக்கொடுத்தார்கள். அந்த லேஸை ஊர் மையத்தில் உள்ள சின்னக் காட்சியகத்தில் பார்க்கலாம். ஒரு கைக்குட்டை அளவுத் துண்டுக்குப் பின்னால் எவ்வளவு மணி நேர உழைப்பு என்று அங்கே விளக்குவார்கள், அவசரப்படாமல் கேளுங்கள். ஊர் ஓரத்தில் வெண்கல யுகத்துக் கல்வட்டம் ஒன்றும் இருக்கிறது.

கெர்ரி வளையச் சாலையும் பேரா தீபகற்பமும் பிரியும் இடம் கென்மேர். எல்லோரும் வளையச் சாலைக்குப் போவார்கள். 179 கிலோமீட்டர், கோடையில் பேருந்துகளின் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும். நான் பேராவைச் சொல்வேன். 1847ல் பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கி 1931ல்தான் முடிந்த ஹீலி கணவாய்ச் சாலை அங்கே இருக்கிறது. வளைவுகள் அதிகம், பெரிய பேருந்துகள் கிடையாது. கணவாயின் வடக்கு அடிவாரத்தில் டெரீன் தோட்டம். 1888 முதல் 1894 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த ஐந்தாம் லான்ஸ்டவுன் பிரபு வளர்த்தது, மர உயரத்துக்கு வளர்ந்த பெரணிச் செடிகள் அங்கே உண்டு.

இந்தியத் தொடர்பு தேடுபவர்களுக்கு இன்னொரு இடமும் சொல்லிவிடுகிறேன். காங்குக்கு மேற்கே கானமாரா என்ற மலைப் பகுதியில் உள்ள பாலினஹிஞ்ச் கோட்டையை 1924ல் வாங்கியவர் நவாநகர் மகாராஜா ரஞ்சித்சிங்ஜி, ரஞ்சி கோப்பைக்குப் பெயர் தந்த அதே கிரிக்கெட் வீரர். சால்மன் மீன் பிடிக்கக் கோடைதோறும் வருவார். இப்போது அதுவும் ஹோட்டல். ஆனால் அக்கம்பக்கத்தில் ஊர் கிடையாது, மலையும் ஆறும்தான். ஊர் வேண்டாம், தனிமை போதும் என்பவர் காங்குக்குப் பதில் அதைப் பரிசீலிக்கலாம்.

போய்ச் சேரும் வழி. மூன்று ஊருக்கும் ரயில் கிடையாது. அடேருக்கு லிமரிக்கிலிருந்தும், கென்மேருக்குக் கில்லார்னியிலிருந்தும் பேருந்து உண்டு, காங்குக்குப் பேருந்தை நம்பிப் போக வேண்டாம். கார் ஓட்டுகிறவருக்கு ஒரு நிம்மதி: அங்கேயும் இடது பக்கம்தான், இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சுற்றுலாப் பயணி ஓட்டலாம். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமானால் சீக்கிரமே பதிவு செய்துவிடுங்கள். கில்லார்னியிலிருந்து மால்ஸ் கேப் வழியாகக் கென்மேர் 32 கிலோமீட்டர்தான் என்றாலும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள், சாலை குறுகல். கார் ஓட்டவே முடியாது என்றால் கில்லார்னி ரயில் நிலையத்தை ஒட்டி 1854ல் திறந்த கிரேட் சதர்ன் ஹோட்டலில் தங்கிவிட்டு, பகலில் கென்மேர் போய் வரலாம். கில்லார்னி பெரிய ஊர், கூட்டமும் அதிகம். ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டே நடந்து சேரலாம்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசாவில் கவனமாக இருங்கள். அயர்லாந்து ஷெங்கன் நாடு அல்ல. பிரிட்டன் சுற்றுலா விசாவில் பி.ஐ.வி.எஸ். என்ற குறிப்பு இருந்தால் அதிலேயே அயர்லாந்துக்கும் போகலாம், ஆனால் முதலில் பிரிட்டனில் இறங்கியிருக்க வேண்டும். தோஹா, துபாய் வழியாக நேரே டப்ளினில் இறங்கப் போகிறவர் அயர்லாந்து விசா எடுத்தாக வேண்டும்.

ஆறேழு நாள் பயணம் என்றால் இப்படிப் பிரிப்பேன்: ஷானனில் இறங்கி அடேரில் டன்ரேவன் ஆர்ம்ஸில் ஓர் இரவு, கென்மேரில் பார்க் ஹோட்டலில் இரண்டு இரவு, பிறகு வடக்கே போய்க் காங்கில் ஊருக்குள்ளேயோ லாட்ஜிலோ இரண்டு இரவு. அடேர் மேனரிலும் ஆஷ்ஃபோர்டிலும் ஓர் இரவு தங்க ஆகும் பணத்தில் இந்த முழு ஏற்பாட்டின் பெரும்பகுதி முடிந்துவிடும். மே மாதமும் செப்டம்பரும் நல்லவை. ஆகஸ்ட் 15 கென்மேரில் சந்தை நாள். ஆடுமாடுகளும் வியாபாரிகளும் தெருவை நிறைத்துவிடுவார்கள், பார்க்க வேண்டிய கூட்டம் அது. அன்றைக்குத் தங்க வேண்டுமானால் வெகு முன்னதாகவே அறை பிடியுங்கள். குளிர்காலத்தில் பார்க் ஹோட்டல் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். பதிவு செய்யும்போது விரிகுடாவைப் பார்த்த அறையா, பக்கவாட்டு அறையா என்பதையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் தெரியும் அறைக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள், அதைத் தயங்காமல் கொடுக்கலாம்.